சிக்லிட் மீனுக்கு அடிபட்டால் உப்பு ஏன் போடுகிறோம்?

ஆஸ்கரின் துடுப்பு கிழிந்திருக்கிறது. ஃபிளவர்ஹார்ன் இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. ஏஞ்சலின் உடம்பில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. மூன்றுக்கும் மீன் கடையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரு கை கல் உப்பு போடுங்க, நீல மருந்து நாலு சொட்டு விடுங்க, சரியாயிடும்."

சில சமயம் சரியாகவும் ஆகிவிடுகிறது. அதனாலேயே அந்த யோசனை கேள்வி கேட்காமல் கை மாறிக்கொண்டே இருக்கிறது. உப்பு மீனுக்கு என்ன செய்கிறது, எந்த நோயில் அது உதவாது என்பது மட்டும் யார் பேச்சிலும் வருவதில்லை. உப்பு போட்டாயிற்று என்ற நிம்மதியில் தண்ணீரைப் பார்க்காமல் விட்டு, பிழைத்திருக்க வேண்டிய மீன்கள் வீணாகச் சாகின்றன. எனக்கு அது பெரிய வருத்தம். அதனால்தான் அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் யார் இந்த சிக்லிட்? தென் அமெரிக்காவின் ஆஸ்கர், ஏஞ்சல், டிஸ்கஸ், ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளின் வண்ண மீன்கள், மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கிய ஃபிளவர்ஹார்ன் எல்லாம் ஒரே குடும்பம். நம் ஏரிகளில் பிடிபடும் ஜிலேபிக் கெண்டையும், கேரளத்தார் விரும்பிச் சாப்பிடும் கரிமீனும் இதே குடும்பம்தான். இடம் பிடித்துக்கொண்டு அதற்காகச் சண்டை போடுவது இவற்றின் பொதுக் குணம். வாயோடு வாய் கவ்வித் தள்ளும், துடுப்பைக் கடிக்கும், துரத்திக்கொண்டே போய்க் கல்லில் மோதும். பெரிய ஆஸ்கர் ஹீட்டர் மேல் சாய்ந்து கிடந்து தோலைச் சுட்டுக்கொள்வதும் உண்டு. ஆகவே சிக்லிட் வளர்ப்பவர் காயத்தைப் பார்க்காமல் தப்பிப்பது கடினம்.

உடம்புக்கும் தண்ணீருக்கும் நடக்கும் இழுபறி

உலர்ந்த திராட்சையை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் உப்பியிருக்கும். அதற்குள் யாரும் தண்ணீரை ஏற்றவில்லை. உள்ளே சர்க்கரை அடர்த்தியாக இருக்கிறது, வெளியே வெறும் தண்ணீர். நடுவில் மெல்லிய தோல். கரைந்த பொருள் அதிகமாக இருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் தானாகத் தோல் வழியே போகிறது. இதற்குப் பெயர் சவ்வூடுபரவல்.

நன்னீர் மீனின் உடம்பிலும் இதுவே நடக்கிறது, அதுவும் ஒரு நொடிகூட ஓயாமல். மீனின் ரத்தத்தில் லிட்டருக்கு ஏறக்குறைய 8, 9 கிராம் உப்புக்குச் சமமான அளவு பொருள்கள் கரைந்திருக்கின்றன. ஆஸ்பத்திரியில் நமக்கு ஏற்றும் சலைனிலும் லிட்டருக்கு 9 கிராம்தான். தொட்டித் தண்ணீரிலோ அதில் மிகச் சிறு பங்குகூட இல்லை. எனவே தண்ணீர் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் மீனுக்குள் புகுந்துகொண்டே இருக்கிறது. உள்ளே இருக்கும் உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கிறது.

மீன் ஊறிப்போகாமல் இருப்பதற்கு இரண்டு உறுப்புகள் ஓயாமல் உழைக்கின்றன. புகுந்த தண்ணீரைச் சிறுநீரகம் நீர்த்த சிறுநீராக வெளியேற்றுகிறது. பல நன்னீர் மீன்கள் ஒரு நாளில் தங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிறுநீர் விடுகின்றன. அவை தண்ணீர் குடிப்பதே இல்லை என்று சொல்லலாம், குடிக்கவும் தேவையில்லை. இழந்த உப்பைச் செவுளில் உள்ள சில தனி செல்கள் தண்ணீரிலிருந்து பிடித்து உள்ளே இழுக்கின்றன. இந்த இரண்டு வேலைக்கும் சக்தி செலவாகிறது. நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும்போதும் இந்தச் செலவு உண்டு. தோலும் அதன் மேல் இருக்கும் வழவழப்பான சளிப்படலமும்தான் அதை அடக்கி வைக்கின்றன.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: நன்னீர் மீன் எப்போதும் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டும் உப்பை உள்ளே இழுத்துக்கொண்டும் இருக்கிறது. அதன் தோல்தான் அந்த வேலையின் அளவைக் கட்டுப்படுத்துகிறது.

தோல் கிழிந்தால்

இப்போது ஒரு கடி விழுகிறது, நாலு செதில் பெயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அது சின்னக் காயம். மீனுக்கோ தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்த சுவரில் ஓட்டை. அங்கே தண்ணீர் வேகமாக உள்ளே வருகிறது, உப்பு வேகமாக வெளியே போகிறது. சிறுநீரகத்துக்கு வேலை கூடுகிறது. சளிப்படலத்தில் கிருமியை அழிக்கும் நொதிகளும் எதிர்ப்புப் பொருள்களும் இருந்தன. அந்த இடத்தில் இப்போது அவையும் இல்லை.

இதோடு அடித்த மீன் இன்னும் அதே தொட்டியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பயத்தில் இருக்கும் மீனின் உடம்பில் கார்டிசோல் என்ற ஹார்மோன் ஏறும். அது நீண்ட நேரம் ஏறியே இருந்தால் நோய் எதிர்ப்பு குறையும். உப்புச் சமநிலையும் கெடும். அடிபட்ட மீன் அந்தக் காயத்தால் நேரடியாகச் சாவது அரிது. இந்த மூன்று சுமையும் சேர்ந்து அழுத்தும்போது, எப்போதும் தண்ணீரில் இருக்கும் சாதாரணக் கிருமி புகுந்து முடித்துவிடுகிறது.

உப்பு செய்வதும் செய்யாததும்

தண்ணீரில் லிட்டருக்கு 3 கிராம் உப்பு கரைத்தால் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 9 கிராமிலிருந்து 6 ஆகக் குறைகிறது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. தண்ணீர் உள்ளே புகும் வேகம் தணிகிறது, செவுளுக்கு உப்பு பிடிப்பது சுலபமாகிறது. மிச்சமாகும் சக்தியில் மீன் காயத்தை ஆற்றிக்கொள்கிறது. உப்பின் முக்கியமான வேலை இதுதான். வெள்ளைப்புள்ளி போன்ற சில ஒட்டுண்ணிகளுக்கும் நீர்ப்பூஞ்சைக்கும் உப்பு தொந்தரவு கொடுக்கும் என்பது கூடுதல் லாபம். உடம்புக்குள் புகுந்துவிட்ட பாக்டீரியாவை அது தொடக்கூட முடியாது.

அளவைக் கையால் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு கன அடிக்குச் சுமார் 28 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டியில் விளிம்பு விட்டு நிரப்பினால் ஏறக்குறைய 50 லிட்டர். முதல் நாள் லிட்டருக்கு 1 கிராம், அதாவது 50 கிராம் போதும். தனியாக ஒரு மக்கில் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சாதாரணக் காயத்துக்கு அடுத்த நாள் 2 கிராம் வரை ஏற்றினால் பெரும்பாலும் போதுமானது. 3 கிராம் என்பது வெள்ளைப்புள்ளி போன்றவற்றுக்கு. உப்பு ஆவியாகாது. எனவே குறைந்த தண்ணீரை நிரப்பும்போது மறுபடி உப்பு போடக்கூடாது. 15 லிட்டர் எடுத்துவிட்டு 15 லிட்டர் புதுத் தண்ணீர் விட்டால் அந்த 15 லிட்டருக்கு மட்டும் கணக்குப் பண்ணிப் போட வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் காயம் மூடியதும் வழக்கமான தண்ணீர் மாற்றத்தில் உப்பு தானாகக் குறைந்துவிடும்.

அயோடின் கலந்த பாக்கெட் உப்பு மீனுக்கு விஷம் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அதில் உள்ள அயோடின் மிகச் சொற்பம், மீனைக் கொல்லாது. ஆனாலும் வேறெதுவும் சேர்க்காத கல் உப்பு கடையில் சுலபமாகக் கிடைக்கும்போது அதையே வாங்கலாம். சிக்லிட்கள் பொதுவாக இந்த அளவு உப்பைத் தாங்கும். கூட இருக்கும் செடிகளும், கோரிடோராஸ், லோச் போன்ற அடித்தள மீன்களும் அவ்வளவு தாங்காது. ஆகவே உப்பு வைத்தியம் தனித்தொட்டியில் நடப்பதே நல்லது.

சரி, உப்பு மீனின் சுமையைக் குறைக்கிறது. ஆனால் தண்ணீரே கெட்டிருந்தால்?

முதல் மருந்து தண்ணீர்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

மீன் கழிக்கும் அமோனியாவில் பெரும்பகுதி செவுள் வழியாகத்தான் போகிறது. ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அமோனியாவும் நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். புதுத் தொட்டியிலும், ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசி பாக்டீரியாவைக் கொன்றுவிட்ட தொட்டியிலும் இந்தச் சங்கிலி அறுந்துபோகும்.

அமோனியா செவுளைப் புண்ணாக்கும். உப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும் செல்கள் அங்கேதான் இருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். நைட்ரைட் ரத்தத்தில் புகுந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் செயலிழக்கச் செய்யும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். இங்கே உப்புக்கு இன்னொரு உபயோகம் இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டோடு போட்டி போட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கிறது.

தண்ணீரின் காரத்தன்மையும் முக்கியம். அமிலமா காரமா என்று காட்டும் அளவுதான் பி.எச்.; 7 நடுநிலை. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் சுமார் அரை சதவீதம்தான் கொடிய வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். மலாவி, டாங்கனிக்கா மீன்களுக்குக் காரத் தண்ணீர்தான் ஏற்றது. ஆகவே அந்தத் தொட்டிகளில் கொஞ்சம் அமோனியாகூட ஆபத்து. அமோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் ஒரு டெஸ்ட் கிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அலமாரி நிறைய மருந்து வாங்குவதைவிட அது பயன்.

மீன் சோர்ந்தால் எதையும் ஊற்றுவதற்கு முன் சோதித்துவிட்டு, நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை தண்ணீர் மாற்றுங்கள். அமோனியாவோ நைட்ரைட்டோ தெரிந்தால் தினமும் மாற்ற வேண்டும். புதுத் தண்ணீர் தொட்டியின் வெப்பத்திலேயே இருக்கட்டும். குழாய்த் தண்ணீரென்றால் ஆன்டி குளோரின் கட்டாயம். குளோரின் செவுளையும் ஃபில்டர் பாக்டீரியாவையும் ஒரே அடியில் தாக்கும்.

இது நோய்தானா?

சிக்லிட்களின் சில பழக்கங்கள் நோய் மாதிரியே தெரியும். மலாவி ஏரியின் பெண் மீன்களில் பெரும்பாலானவை முட்டையை வாயிலேயே அடைகாக்கும். தாடை உப்பியிருக்கும், சுமார் மூன்று வாரம் தீனி எடுக்காது, மூலையில் ஒதுங்கும். அதற்கு மருந்து ஊற்றினால் குஞ்சுகளோடு தாயையும் வதைப்பதாகும். ஆஸ்கர் தொட்டியை மாற்றி வைத்தாலோ பயந்தாலோ தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளும். மூச்சு சீராக இருந்து ஓரிரு நாளில் எழுந்துவிட்டால் கவலையில்லை. நிறம் கறுத்துப்போவது வேறொரு மீனுக்கு அடங்கிப்போனதன் அடையாளமாக இருக்கலாம்.

கவலைப்பட வேண்டியது எப்போது என்றால், செவுள் வேகமாக அடிக்கும்போது, துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருக்கும்போது, கல்லில் உடம்பை உரசும்போது, வெள்ளை நூலாக மலம் தொங்கும்போது.

தனித்தொட்டி

அடிபட்ட மீனைப் பிரித்துவிடுவது பாதி வைத்தியம். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். மணல் போடாத கண்ணாடித் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், உள்ளே போய் மறைந்துகொள்ள ஒரு துண்டு பி.வி.சி. பைப். பெரிய ஆஸ்கருக்கு அது திரும்பிப் படுக்கும் அளவுக்காவது தொட்டி வேண்டும். ஸ்பாஞ்ச் ஏற்கெனவே பெரிய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்ததாக இருந்தால் பாக்டீரியாவும் கூடவே வந்துவிடும். ஒரு ஸ்பாஞ்சை அங்கே எப்போதும் போட்டு வைத்திருங்கள். புத்தம் புது ஸ்பாஞ்சோடு ஆரம்பித்தால் அந்தச் சின்னத் தொட்டியிலேயே அமோனியா ஏறி, காப்பாற்ற எடுத்த மீனை நாமே நஞ்சில் விட்டதாகும்.

மூன்று பக்கமும் காகிதம் ஒட்டி விளக்கை அணைத்துவிடுங்கள். கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்தே சண்டைக்குப் பாயும் மீன்கள் இவை. முதல் இரண்டு, மூன்று நாள் தீனி வேண்டாம். வளர்ந்த சிக்லிட் பட்டினியால் அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது. கொடுக்கிற தீனி அழுகினால்தான் கெடுதல். துடுப்பு அடிவேர் வரை போகாமல் இருந்தால் மறுபடி வளரும். செதிலும் முளைக்கும். ஒரு கண் போனால் திரும்ப வராது, ஆனால் ஒற்றைக் கண்ணோடு சிக்லிட்கள் நன்றாகவே வாழ்கின்றன.

பஞ்சு, புள்ளி, குழி, வீக்கம்

காயம் தாண்டி நோய் என்று வந்துவிட்டால் எது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஏனென்றால் ஒன்றுக்கு நல்லது இன்னொன்றுக்குக் கெடுதல்.

காயத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு பெரும்பாலும் நீர்ப்பூஞ்சை. செத்த திசுவில்தான் அது முளைக்கும், மெதுவாகப் பரவும். உப்புக்கும், நீல மருந்து என்கிற மெத்திலீன் ப்ளூவுக்கும் கட்டுப்படும். வாயைச் சுற்றியும் முதுகில் சேணம் மாதிரியும் சாம்பல் வெள்ளையாகப் படர்ந்து ஓரிரு நாளில் மீனைக் கொல்வது வேறு. அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. பார்ப்பதற்குப் பஞ்சு போலவே இருப்பதால் பூஞ்சை என்று நினைத்து ஹீட்டரைக் கூட்டுவார்கள். சூட்டில் அந்தப் பாக்டீரியா இன்னும் வேகமாகப் பெருகும். மெத்திலீன் ப்ளூவைப் பெரிய தொட்டியில் விட வேண்டாம். ஃபில்டர் பாக்டீரியாவைப் பாதிக்கும், சிலிக்கான் ஒட்டுகளும் நீலமாகிவிடும்.

வெள்ளைப்புள்ளிக்கோ சூடு உதவுகிறது. ரவை தூவியது போலத் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் தோலுக்குள் பதுங்கியிருக்கும் ஓர் ஒட்டுண்ணி. உள்ளே இருக்கும்வரை உப்போ மருந்தோ அதை எட்டாது. முதிர்ந்ததும் அது விழுந்து, பல குஞ்சுகளாகப் பிரிந்து, நீந்தி வேறு மீனைத் தேடும்போதுதான் அடிபடும். 30 டிகிரிக்கு உயர்த்தினால் இந்தச் சுற்று சீக்கிரம் முடிகிறது. புள்ளி மறைந்த அன்றே நிறுத்திவிடாமல் இன்னும் ஒரு வாரமாவது தொடர வேண்டியது இதனால்தான். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். ஏர் பம்ப்பைக் கூட்டாமல் சூட்டைக் கூட்டாதீர்கள். இந்த நோய் தெரிந்தால் ஒட்டுண்ணி பெரிய தொட்டியிலும் இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே அங்கேயும் வைத்தியம் நடக்க வேண்டும்.

ஆஸ்கர், டிஸ்கஸ், ஃபிளவர்ஹார்ன் தலையில் குழி விழுவதற்குக் குடலில் வாழும் ஒரு நுண்ணுயிரையும், கெட்ட தண்ணீரையும், சத்தில்லாத ஒரே மாதிரித் தீனியையும் சேர்த்தே காரணம் சொல்கிறார்கள். தண்ணீரையும் தீனியையும் திருத்தினால் ஆரம்பக் குழிகள் ஆறக்கூடும். அதற்கு மேல் மெட்ரோனிடசோல் மாதிரி மருந்து தேவைப்பட்டால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துத் தொட்டியில் போடும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அது ஃபில்டரைக் கெடுக்கும். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போய் மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும்.

வீக்கம்தான் கடினமானது. வயிறு ஊதி, செதில்கள் எல்லாம் விரிந்து நின்றால் சிறுநீரகம் தோற்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். உள்ளே புகும் தண்ணீரை வெளியேற்ற ஆளில்லை. முதலில் சொன்ன இழுபறியில் தண்ணீர் ஜெயித்துக்கொண்டிருக்கிறது. நல்ல தண்ணீரும் மருத்துவரும் கிடைத்தாலும் இந்தக் கட்டத்திலிருந்து மீள்வது குறைவு. இங்கே கல் உப்புக்குப் பதிலாக எப்சம் உப்பு சொல்வார்கள். அது மெக்னீசியம் சல்பேட், வேறு பொருள். திசுக்களில் தேங்கிய நீரைக் குறைக்கும் என்று பயன்படுத்துகிறார்கள். செதில் விரியாமல் வயிறு மட்டும் ஊதியிருந்தால் தீனியைச் சந்தேகியுங்கள். பாசி மேயும் மலாவி மீன்களுக்கு இறைச்சித் தீனி தொடர்ந்து போட்டால் இந்தத் தொல்லை வரும்.

பழைய தொட்டிக்குத் திரும்பும்போது

தோல் மூடி, துடுப்பு விரிந்து, பசியோடு முன்னால் வரும்போது மீன் தயார். ஆனால் அது இல்லாத நாளில் அதன் இடத்தை வேறொன்று பிடித்திருக்கும். அப்படியே விட்டால் அரை மணி நேரத்தில் மறுபடி கிழிபடும். விடுவதற்கு முன் கல்லையும் மரக்கட்டையையும் முழுக்க இடம் மாற்றி அடுக்குங்கள். எல்லா மீனுக்கும் தொட்டி புதிதாகிவிடும், பழைய எல்லைகள் போய்விடும். மற்றவற்றுக்கு நன்றாகத் தீனி போட்டு, விளக்கை அணைத்து, மாலையில் விடுங்கள். அடித்த மீன் மறுநாளும் விடாமல் துரத்தினால் இந்தத் தடவை அதைப் பிடித்துத் தனித்தொட்டியில் ஒரு வாரம் வையுங்கள். அப்போதும் அடங்கவில்லை என்றால், வளர்ந்த ஃபிளவர்ஹார்ன் விஷயத்தில் பெரும்பாலும் அப்படித்தான், இரண்டுக்கும் நடுவே நிரந்தரமாக ஒரு கண்ணாடித் தடுப்பு போடுவதைத் தவிர வேறு வழியில்லை.